தப்பு இலவசம்

எங்கள் ஷிஃப்டில் புதிதாகச் சேர்ந்த பையன், லீவு நாளில் பஸ்ஸில் நின்றுகொண்டே அத்திப்பள்ளி தாண்டிப் போய், பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருக்கிறான். கையில் 50 மெகாபிக்சல் செல்போன் இருக்கும்போது இது எதுக்குடா என்றால், "இதுல எடுத்தாதான்ணா போட்டோ போட்டோ மாதிரி இருக்கு" என்கிறான். தலைமுறை!

டிஜிட்டல் கேமரா பெரிய மாயம் ஒன்றும் இல்லை. லென்ஸ் அதே பழைய கதை. பிலிம் இருந்த இடத்தில் ஒரு சிலிக்கன் சில்லு. அதில் பல லட்சம் குட்டிக் கிண்ணங்கள். மழைக்கு வாசலில் பாத்திரம் வைத்த மாதிரி, விழுகிற வெளிச்சம் ஒவ்வொன்றிலும் மின்சாரமாகச் சேரும். அளந்து எண்ணாக எழுதிவிட்டால் படம் ரெடி. கிண்ணத்துக்கு நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு குல்லா. பச்சைக்கு மட்டும் ரெண்டு பங்கு. நம் கண் அதில்தான் கெட்டி.

கடைக்காரர் மெகாபிக்சல் சொல்லி மயக்கினால் மயங்காதீர்கள். 4-க்கு 6 அங்குல பிரிண்ட், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பெருக்கிப் பாருங்கள். 22 லட்சம்கூட வராது. 2 மெகாபிக்சலே தாராளம்.

ஜனங்கள் இதற்கு மாறியது துல்லியத்துக்காக அல்ல. ஆரம்பத்தில் பிலிம்தான் துல்லியம். ஆனால் ஒரு ரோலுக்கு 36 படம், ஒவ்வொரு க்ளிக்கும் காசு. எங்கள் பெரியப்பா மூன்று கல்யாண ஆல்பத்தில் கண்ணை மூடியபடியே நிற்கிறார். கழுவி வந்தபிறகுதானே தெரியும்? டிஜிட்டலில் உடனே பார், அழி, இன்னொன்று எடு. தப்பு இலவசம்.

முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ல் செய்தவர் கோடாக் கம்பெனி இன்ஜினீயர் ஸ்டீவன் சாஸன். 3.6 கிலோ எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் காஸெட்டில் பதிய 23 விநாடி. கோடாக் பிழைத்ததோ பிலிம் விற்று. 2012-ல் திவால் மனு போட்டது.

நம் ஊட்டியிலும் அரசாங்கத்தின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1967-ல் உற்பத்தி தொடங்கி 'இந்து' பிலிம் போட்ட கம்பெனி. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தது. பிலிமில் மருந்து பூசும்போது விளக்குப் போட முடியாது. இருட்டிலேயே கை பழகிய தொழிலாளிகள். 1990-களிலேயே கம்பெனி படுத்துவிட்டது. டிஜிட்டல்தான் கொன்றது என்றால் அநியாயம், வெளிநாட்டு கலர் பிலிம் முதலில் அடித்தது. அப்புறம் எழுந்திருக்க விடாதது டிஜிட்டல். இருட்டில் பழகிய கைக்கு வேறு எங்கே வேலை?

ஓசூர் சிப்காட்டில் உட்கார்ந்து இதை எழுதும்போது வயிற்றைப் பிசைகிறது சார். இங்கே எத்தனையோ பட்டறைகள் இன்ஜின் பாகம் கடைந்து பிழைக்கின்றன. மின்சார ஸ்கூட்டரில் பிஸ்டன் கிடையாது. அந்த ஸ்கூட்டரும் நம் மாவட்டத்தில்தான் தயாராகிறது. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா.

எங்கள் தெருப் பட்டறை முதலாளி ஒரு லேத்தில் மோட்டார் ஷாஃப்ட் கடைய ஆரம்பித்துவிட்டார். மற்ற மூன்றில் இன்னும் பிஸ்டன் பின்தான் ஓடுகிறது.