அண்ணாமலை எரிமலையல்ல

"திருவண்ணாமலை மலை அணைந்துபோன எரிமலை, அதனால்தான் அக்கினித் தலம்" என்று அடித்துச் சொல்கிறார்கள். மலைக்கு அருகே வேங்கிக்காலில் வீடு கட்ட இறக்கியிருக்கும் உள்ளூர்க் கருங்கல் ஜல்லியில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். படிகங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். வெளியே கொட்டிய எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறிவிடும். படிகம் அவ்வளவு வளர அவகாசம் ஏது? மகாராஷ்டிரத்தின் தக்காணப் பசால்ட் அப்படிப்பட்டது: மாவு போன்ற நுண்மை, ஆங்காங்கே வாயுக் குமிழி விட்ட ஓட்டைகள், வயது சுமார் 6.6 கோடி ஆண்டு. இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய வட தமிழகத்துச் சார்னோக்கைட், நைஸ் பாறைகளோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முன், பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவானவை. மேலிருந்ததெல்லாம் அரித்துப் போனபிறகே வெளியே தலைகாட்டின. வெப்பம் உண்டு, வெடிப்பு இல்லை. சிவன் இங்கே நெருப்புத் தூணாக எழுந்தார் என்னும் லிங்கோத்பவக் கதை யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லையே. நிலவியலை ஏன் பொய்ச்சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?