மூட்டைக்கு மூட்டை ஒரு நீதி

கீழ்பென்னாத்தூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லோ மல்லாட்டையோ வந்தால், வியாபாரிகள் ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியாமல் சீட்டில் எழுதித் தர வேண்டும். அதிக விலை எழுதியவருக்கே சரக்கு. வியாபாரிகளின் முறைகேடுகளைத் தடுக்க 1933-லேயே சென்னை மாகாணத்தில் இத்தகைய சந்தைகளுக்குச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்.

நெல் விற்ற அதே கையோடு விவசாயி வீடு கட்ட சிமெண்ட் வாங்கப் போகிறார். அங்கே எந்தச் சீட்டு? சிமெண்ட் நிறுவனங்கள் தங்கள் சங்கத்தின் வழியே விலை, உற்பத்தி விவரங்களைப் பகிர்ந்துகொண்டு, ஆலையில் திறன் இருந்தும் உற்பத்தியைக் குறைத்தன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஜூனில் தீர்ப்பளித்தது. 11 நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். அவற்றில் அன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த இந்தியா சிமெண்ட்ஸும் மெட்ராஸ் சிமெண்ட்ஸும் உண்டு. 2015-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2016-ல் ஆணையம் மறுபடியும் அபராதம் விதித்தது. 2018-ல் இன்னொரு தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இதற்குள் எத்தனை ஆயிரம் வீடுகளுக்குக் கூரை போட்டாகிவிட்டது!

அபராதம் வசூலானாலும் அரசுக் கருவூலத்துக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஐம்பது மூட்டை வாங்கியவர் அதற்காக டெல்லிக்கு நடக்க முடியுமா? மேல்முறையீடுகளுக்குக் கண்டிப்பான காலக்கெடு வேண்டும். அபராதத்தில் ஒரு பங்கு, அந்த ஆண்டுகளில் வீடு கட்டியவர்களுக்குத் திரும்பி வர வேண்டும்.