கையில் ஒட்டுதா மாவு? கவலை வேண்டாம்... அதுதான் பஞ்சு பிரெட்!

முதல்முறை கிச்சன்

காய்ச்சல் என்றால் பாலும் பிரெட்டும். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் சாத்துக்குடியோடு ஒரு பாக்கெட் பிரெட். நம் வீடுகளில் ஒரு காலத்தில் பிரெட்டுக்கு இருந்த இடம் இவ்வளவுதான். இன்று காலை அவசரத்துக்கு டோஸ்ட், பள்ளி டிபன் பாக்ஸில் சாண்ட்விச், மாலையில் பிரெட் ஆம்லெட் என்று அது அன்றாட உணவாகிவிட்டது.

'இதை வீட்டிலேயே செய்தால் என்ன?' என்ற ஆசையும் பலருக்கு வருகிறது. வீடியோ பார்த்து, மைதாவும் ஈஸ்ட்டும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து, கடைசியில் அவனைத் திறந்தால்... உள்ளே ஒரு செங்கல்! "இதை வெச்சு சுவரே கட்டலாம் போல" என்று வீட்டில் யாராவது கிண்டலடிப்பார்கள். மீதி ஈஸ்ட் பாக்கெட் ஃப்ரிட்ஜின் மூலைக்குப் போய்விடும். இரண்டாவது பிரெட் என்ற ஒன்று அந்த வீட்டில் பிறப்பதே இல்லை.

அவன் சரியில்லை, மைதா சரியில்லை, நமக்குக் கைராசி இல்லை என்று ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், முதல் பிரெட் கல்லாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பிடி மாவுதான். பிசையும்போது கையில் ஒட்டியது என்று பயந்துபோய் கூடுதலாகச் சேர்த்தோமே, அந்த ஒரு பிடி!

ஒரு பிடி மாவு செய்யும் வேலை

சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை, ஒட்டாத மாவைத்தான் 'நல்ல பதம்' என்று நினைக்கும். பிரெட் மாவின் பதம் வேறு. அதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரோடு சேர்ந்தால்தான் 'குளூட்டன்' என்ற இழுபடும் வலை உருவாகும். ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயுவை பலூன் போலப் பிடித்து வைப்பது இந்த வலைதான். மாவு இளக்கமாக இருந்தால் வலை சுலபமாக விரியும், பிரெட் எழும்பும். மாவு இறுகினால் வலையால் விரிய முடியாது.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். 300 கிராம் மைதாவுக்கு 200 மில்லி திரவம் என்றால், மாவின் எடையில் சுமார் 66 சதவிகிதம். இது மென்மையான பிரெட்டுக்கான அளவு. பலர் கப்பில்தான் அளக்கிறார்கள். 240 மில்லி கப்பில் மைதாவை ஸ்பூனால் மெதுவாகப் போட்டு நிரப்பினால் சுமார் 125 கிராம் பிடிக்கும். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை வந்துவிடும். இரண்டரை கப் போட வேண்டிய இடத்தில் 60 கிராமுக்கு மேல் கூடிவிடுகிறது. பிசையத் தொடங்கும் முன்பே திரவத்தின் அளவு 55 சதவிகிதத்துக்கும் கீழே போய்விட்டது. அதன் மேல் இன்னொரு பிடி மாவு சேர்த்தால் பிரெட் எப்படிப் பஞ்சாகும்?

அதனால், முதல் பிரெட்டுக்கு முன் வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால், அது சின்ன டிஜிட்டல் தராசு.

இட்லி மாவு தெரிந்தவருக்கு பிரெட் பாதி தெரியும்

'45 நிமிடம் மூடி வைக்கவும்' என்று செய்முறைகள் சொல்லும். நம் ஊரில் அந்த 45 நிமிடம் எல்லா நாளும் ஒன்றல்ல. மே மாதத்தில் இட்லி மாவு பாத்திரத்தை விட்டு வழிகிறது. மார்கழியில் விடிந்த பிறகும் பொங்காமல் அடம்பிடிக்கிறது. அதற்காக யாரும் கடிகாரத்தைப் பார்த்து இட்லி ஊற்றுவதில்லை. மாவைப் பார்த்துத்தான் ஊற்றுகிறோம்.

பிரெட் மாவுக்கும் அதே கண்தான் வேண்டும். சென்னை வெயிலில் 40 நிமிடத்தில் இரு மடங்காகும் மாவு, ஊட்டியில் ஒன்றரை மணி நேரம்கூட எடுக்கலாம். கடிகாரம் ஒரு குறிப்பு மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது மாவு.

தேவையானவை (8 அங்குல நீளம், 4 அங்குல அகல பிரெட் டின் ஒன்றுக்கு)

மைதா - 300 கிராம்
வெதுவெதுப்பான பால் - 100 மில்லி
வெதுவெதுப்பான தண்ணீர் - 100 மில்லி
சர்க்கரை - ஒன்றரை டேபிள்ஸ்பூன்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் - 1 டீஸ்பூன் (3 கிராம்)
உப்பு - 1 டீஸ்பூன்
வெண்ணெய் - 25 கிராம் (அறை வெப்பநிலையில்)
மேலே தடவ - சிறிது பாலும் வெண்ணெயும்

ஈஸ்ட் வாங்கும்போது கவனிக்கவும். ரவையைவிட நைஸாக இருப்பது இன்ஸ்டன்ட் ஈஸ்ட். இதை நேரடியாக மாவில் கலக்கலாம். சற்றுப் பெரிய உருண்டைகளாக இருப்பது ஆக்டிவ் டிரை ஈஸ்ட். இதை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சர்க்கரையோடு கலந்து 10 நிமிடம் வைக்க வேண்டும். நுரைத்து வந்தால் உயிரோடு இருக்கிறது. நுரைக்கவில்லை என்றால், அதைக் கொட்டிவிட்டு வேறு பாக்கெட் வாங்குங்கள். மாவாவது மிஞ்சும்.

திரவத்தின் சூடு எப்படி இருக்க வேண்டும்? கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் சூடு. அதற்கு மேல் போகக் கூடாது. கொதிக்கும் பாலை அப்படியே ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்.

செய்முறை

1. அகலமான பாத்திரத்தில் மைதா, சர்க்கரை, ஈஸ்ட்டைக் கலக்கவும். உப்பைக் கடைசியில் சேர்த்துக் கலக்கவும். பாலை முழுவதும் ஊற்றவும். தண்ணீரில் 20 மில்லியை எடுத்து வைத்துக்கொண்டு மீதியை ஊற்றவும். மைதாவுக்கு மைதா தண்ணீர் இழுக்கும் அளவு மாறும். உலர்ந்த மாவு எங்காவது தெரிந்தால் மட்டும் அந்த 20 மில்லியையும் சேர்க்கவும்.

2. கரண்டியால் கிளறி, மூடி 20 நிமிடம் விட்டுவிடவும். பரோட்டா மாஸ்டர் மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு ஊற வைப்பாரே, அதே தந்திரம்தான். இந்த 20 நிமிடத்தில் மைதா தண்ணீரைக் குடித்துவிடும். பாதி ஒட்டல் தானாகவே குறைந்துவிடும்.

3. இப்போது பிசையவும். முதல் ஐந்து நிமிடம் மாவு கையிலும் மேடையிலும் ஒட்டும். முதல்முறை செய்பவர் பயந்துபோய் மைதா டப்பாவைத் தேடுவது இந்த நேரத்தில்தான். டப்பாவை முதலிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்! கையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு, மாவை உள்ளங்கையால் முன்னே தள்ளி, மடித்து, திருப்பி மறுபடி தள்ளவும்.

4. வெண்ணெயைச் சேர்த்து இன்னும் ஏழெட்டு நிமிடம் பிசையவும். மாவு முதலில் வழுக்கும், பிரிவது போல இருக்கும். தொடர்ந்து பிசைந்தால் ஒன்றுசேர்ந்து வழவழப்பாகிவிடும். எலுமிச்சை அளவு மாவை எடுத்து விரல்களால் மெல்ல இழுத்துப் பார்க்கவும். கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஜவ்வு போல விரிந்தால் பதம் சரி. கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம் பிசையவும்.

5. எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து மூடவும். இரு மடங்காகும் வரை காத்திருக்கவும். மாவில் தோய்த்த விரலால் நடுவில் குத்திப் பார்த்தால் குழி அப்படியே நிற்க வேண்டும்.

6. மெதுவாக அமுக்கிக் காற்றை வெளியேற்றவும். டின்னின் நீளத்துக்குச் செவ்வகமாகத் தட்டி, பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டவும். ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வெண்ணெய் தடவிய டின்னில் வைக்கவும்.

7. மறுபடி மூடி வைக்கவும். நடுப்பகுதி டின் விளிம்புக்கு அரை அங்குலம் மேலே எழும்பினால் போதும். பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம் ஆகும். விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். எழும்பவே இல்லை என்றால் நேரம் தாண்டிவிட்டது. உடனே அவனுக்குள் வைத்துவிடவும்.

8. மேலே பால் தடவி, முன்கூட்டியே 180 டிகிரி செல்சியஸில் சூடாக்கிய ஓடிஜியில் கீழ்த்தட்டில் வைத்து 30 முதல் 35 நிமிடம் பேக் செய்யவும். மேலேயும் கீழேயும் இரண்டு கம்பிகளும் எரிய வேண்டும். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் அலுமினிய ஃபாயிலால் மூடவும். பிரெட்டை வெளியே எடுத்து அடியில் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வர வேண்டும்.

9. உடனே டின்னிலிருந்து எடுத்து, கம்பித் தட்டில் வைத்து, மேலே வெண்ணெய் தடவி, பருத்தித் துணியால் மூடவும். வெளியேறும் ஆவியே மேல்தோலை மென்மையாக்கிவிடும்.

10. ஒரு மணி நேரம் கத்தியைத் தொடாதீர்கள். வாசனைக்கு வீடே சுற்றி நிற்கும், பரவாயில்லை. சூட்டோடு வெட்டினால் உள்ளே இருக்கும் ஆவி வெளியேறி, துண்டுகள் நசுங்கிப் பிசுபிசுக்கும்.

அவன் இல்லையா?

அடிகனமான பழைய பாத்திரம் அல்லது குக்கரில் இரண்டு கப் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைக்கவும். குக்கர் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. 10 நிமிடம் மிதமான தீயில் சூடாக்கி, டின்னை வைத்து மூடி, குறைந்த தீயில் 40 முதல் 45 நிமிடம் வேகவிடவும். மேல்பக்கம் சிவக்காது. வெந்த பிரெட்டை வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் கவிழ்த்து வைத்தால் அந்தக் குறையும் தீர்ந்தது. மைக்ரோவேவில் செய்வதானால் கன்வெக்‌ஷன் வசதி இருக்க வேண்டும். சாதாரண மைக்ரோவேவில் பிரெட் சரியாக வராது.

எங்கே தவறியது?

நடுவில் குழி விழுந்ததா? இரண்டாவது முறை அளவுக்கு மேல் உப்பவிட்டிருக்கிறீர்கள். வெயில் காலத்தில் இது அடிக்கடி நடக்கும்.

ஈஸ்ட் வாடை தூக்கலாக இருக்கிறதா? சீக்கிரம் உப்ப வேண்டும் என்று ஈஸ்ட்டைக் கூட்டியிருக்கலாம். நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு டீஸ்பூனே தாராளம்.

உள்ளே மாவாக இருக்கிறதா? பேக் செய்த நேரம் போதவில்லை, அல்லது சூட்டோடு வெட்டிவிட்டீர்கள்.

அடர்த்தியாக, கனமாக இருக்கிறதா? அந்த ஒரு பிடி மாவை நினைத்துப் பாருங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

கடை பிரெட் பல நாள் தாங்குவதற்கு ஒரு காரணம், பூஞ்சையைத் தடுக்க அனுமதிக்கப்பட்ட கால்சியம் புரொப்பியோனேட் போன்ற பதப்படுத்திகள். வீட்டு பிரெட்டில் அது இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வைத்தால் இரண்டு நாள். ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தாமதமாகும். ஆனால், அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகி பிரெட் சீக்கிரமே வறண்டுவிடும். துண்டுகளாக்கி ஃப்ரீசரில் வைப்பதே சிறந்த வழி. வேண்டும்போது எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போடலாம். ஓரிடத்தில் பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறியாமல் பிரெட் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே பரவியிருக்கும்.

டெல்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016 மே மாதம் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் நினைவிருக்கும். டெல்லியில் வாங்கிய பிரெட், பன், பீட்சா உள்ளிட்ட 38 மாதிரிகளில் 84 சதவிகிதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது ஐயோடேட் இருப்பதாக அது சொன்னது. அடுத்த மாதமே பொட்டாசியம் புரோமேட்டைப் பயன்படுத்த மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. மாவுக்கு வலுவூட்டி, பிரெட்டை நன்றாக எழும்பச் செய்வதற்காகவே அது சேர்க்கப்பட்டு வந்தது. அந்த வலுவை வீட்டில் கொடுப்பது 12 நிமிடப் பிசைதலும் பொறுமையும்தான்.

அதற்காக 'வீட்டு பிரெட் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம்' என்று அர்த்தமல்ல. வீட்டில் செய்தாலும் மைதா மைதாதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு நிறுத்த வேண்டும். கை பழகிய பிறகு 100 கிராம் மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு சேர்க்கலாம். அப்போது தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்.

மூலையில் கிடக்கும் அந்த ஈஸ்ட் பாக்கெட்டை வரும் ஞாயிறு வெளியே எடுங்கள். தேதியைப் பாருங்கள், நுரைக்கிறதா என்று சோதியுங்கள். மாவு கையில் ஒட்டும். ஒட்டட்டும். பத்து நிமிடம் பொறுத்தால் அதுவே கையை விட்டுவிடும். கிண்டலடித்தவர்தான் முதல் துண்டுக்குத் தட்டை நீட்டுவார்!

*அடுத்த வாரம்: மீந்துபோன பிரெட்டில் மொறுமொறு ரஸ்க்!*