உபயப் பட்டியலில் ஒரு செம்புக் கம்பி

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பேராக் தோட்டங்கள் பலவற்றில் மாரியம்மன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். திருவிழா என்றால் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்துவிடுகிறார்கள்.

அந்தச் சில நாளுக்காகச் சாமான் அறையிலிருந்து போன வருஷத்து சீரியல் பல்பு ஒயர் வெளியே வருகிறது. எலி கடித்த இடத்தில் செம்பு பல்லிளிக்கிறது. செலோடேப்பைச் சுற்றிப் பந்தலின் இரும்புக் காலோடு கட்டிவிடுகிறோம். அந்தக் காலடியில்தான் மஞ்சள் நீர் தேங்குகிறது. ஈர வேட்டியும் வெறுங்காலுமாகப் பக்தர்கள் நிற்கிறார்கள். 230 வோல்ட் உடம்பில் பாய இதைவிடத் தோதான இடம் வேண்டுமா?

தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டார்கள். நம் ரதங்களும் மின்கம்பிகளுக்குக் கீழேதான் போகின்றன.

இஎல்சிபி என்று நாம் சொல்லும் ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியர் ரகமாக இருந்தால், அந்த அளவு கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆனால் எர்த் இல்லாத பந்தலில், யாராவது தொட்ட பிறகுதான் அதற்குக் கசிவு தெரியும். எர்த் இருந்தால் ஆள் தொடும் முன்பே ஸ்விட்ச் விழும். வாடகை ஜெனரேட்டரின் நியூட்ரலை மண்ணோடு சேர்க்காவிட்டால் அந்த ஸ்விட்சையும் நம்ப முடியாது. ரதத்திலுள்ள 12 வோல்ட் பேட்டரி ஷாக் அடிக்காது, உண்மைதான். அதன் பிளஸ் கேபிள் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் நொடியில் பழுத்துத் தீப்பிடிக்கும். முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும்.

இதையெல்லாம் பார்ப்பது யார் வேலை? தோட்ட நிர்வாகம் ஆலயத்தைக் காட்டும், ஆலயம் பந்தல்காரரைக் காட்டும், பந்தல்காரர் கேட்டதைத்தான் கொடுத்தேன் என்பார். மூவரும் கெட்டவர்கள் அல்லர். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதில்லை, அவ்வளவுதான். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேன்களும் தொழிற்சாலை டெக்னீஷியன்களும் நம் பிள்ளைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களைத் தோரணம் கட்ட மட்டும் கூப்பிடுகிறோம்.

டியூப் லைட் உபயம் என்றால் அதில் பெயர் எழுதலாம். மண்ணுக்குள் போகும் செம்புக் கம்பியில் எழுத முடியாது. அதனால்தானோ என்னவோ அதற்கு உபயதாரர் கிடைப்பதில்லை. அடுத்த கூட்டத்தில் உபயப் பட்டியல் போடும்போது, பூவுக்கும் அன்னதானத்துக்கும் நடுவே எர்த்துக்கும் இஎல்சிபிக்கும் ஒரு வரி ஒதுக்குவோம். கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஒயர்மேன் சோதிக்கும்போது ஆலயத் தலைவரும் நிர்வாகத்தின் ஆள் ஒருவரும் கூடவே இருக்கட்டும். ஒயர்மேன் ஆகாது என்று சொல்லும் விளக்கு அந்தத் திருவிழாவில் எரிய வேண்டாம்.