எதிர்த்துப் பேச முடியாதவர் முன்னால்

பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டம் நிறையவே கொடுத்துவிடுகிறது. ஓட்டுப் போடலாம். 1989 வரை அதற்கு 21 வயதாக வேண்டியிருந்தது. 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம்தான் அதை 18 ஆக்கியது. கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கலாம், ரத்த தானம் செய்யலாம், ஒப்பந்தத்தில் சொந்தமாகக் கையெழுத்துப் போடலாம். எல்லாம் பிறந்த தேதியைப் பார்த்துக் கிடைப்பவை. நல்ல மனிதர் என்ற பெயர் மட்டும் அப்படிக் கிடைப்பதில்லை.

கல்லூரிக்கும் முதல் வேலைக்கும் கிளம்பும் பிள்ளைகளுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. நேரத்துக்குப் போ, சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வை, சகவாசம் பார்த்துப் பழகு. எல்லாம் சரியானவைதான். நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். உங்களை எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று கவனியுங்கள். பேராசிரியரிடமும் மேனேஜரிடமும் பணிவாக இருக்கப் பெரிய குணம் ஒன்றும் வேண்டாம், பயம் போதும்.

தி.நகரிலோ மதுரை விளக்குத்தூண் பக்கமோ ஒரு ஜவுளிக்கடைக்குள் போங்கள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் உங்கள் வயதுதான் இருக்கும். ஒரு புடவையை உதறி விரிக்கிறார், முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டுகிறார், கரையைத் திருப்பிக் காட்டுகிறார். "வேற கலர்?" என்கிறோம். அடுத்தது விரிகிறது. கவுன்டர் முழுக்கக் குவிந்த பிறகு, போனைப் பார்த்தபடியே எழுந்து போய்விடுகிறோம். அதன்பின் ஒவ்வொன்றையும் பழைய மடிப்புக் கோடு பிசகாமல் மடித்து, அட்டை வைத்து, கவரில் போட்டு, வந்த அடுக்கிலேயே அவர் வைக்க வேண்டும். அத்தனையும் நின்றுகொண்டேதான்.

அங்காடித் தெரு படம் 2010இல் இந்த வாழ்க்கையைத் திரையில் காட்டியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது 2021இல். கேரளம் அதை 2018லேயே செய்திருந்தது. உட்காருவதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டதே என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. சட்டம் வந்த பிறகும், ஸ்டூல் போட்டிருக்கும் கடையிலேயே வாடிக்கையாளரைக் கண்டதும் பதறி எழுந்துகொள்கிறார்கள். "நீங்க உட்காருங்க, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

அடுத்தது, கண்ணுக்கே தெரியாத ஒருவர். அறையில் கண்ணாடி டம்ளர் உடைகிறது. சில்லுகளைக் கூட்டி, சாப்பாட்டு மிச்சம் இருக்கும் கவரிலேயே போட்டுக் கட்டி வைத்துவிடுகிறோம். மறுநாள் காலை தூய்மைப் பணியாளர் அந்தக் கவரைப் பிரித்துக் கையை விடுவார். குப்பையை வகை பிரித்தே தர வேண்டும், நாப்கினையும் டயபரையும் சுற்றித்தான் தர வேண்டும் என்று 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. கண்ணாடிச் சில்லை நாலைந்து செய்தித்தாளில் சுருட்டுங்கள், அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள், மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதுங்கள். பிளேடையும் ஊசியையும் பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகுங்கள். வண்டி வரும்போது ஆள் எதிரில் இருந்தால், "அண்ணே, இதுல கண்ணாடி இருக்கு, பார்த்து" என்று சொல்லிக் கொடுங்கள். கை கிழிந்தால் அது யார் வீட்டுக் கண்ணாடி என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்பா வயது வாட்ச்மேனை, அம்மா வயது துப்புரவுப் பணிப் பெண்ணை "வா, போ" என்று கூப்பிடும் பழக்கம் வீட்டிலிருந்து வந்திருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். கிராமங்களில் கிழவரைச் சிறுவன் பெயர் சொல்லி ஏவியது சாதியின் பேரால். நகரத்துக்கு வந்தபின் அதையே வேலையின் பேரால் செய்கிறோம்.

இதனால் புகாரே சொல்லக்கூடாது என்று ஆகாது. மெஸ்ஸில் சாம்பார் ஊசிப்போயிருந்தால் அவசியம் கேளுங்கள். காண்டிராக்ட் எடுத்தவரிடம் கேளுங்கள், வார்டனிடம் எழுதிக் கொடுங்கள். வாளியும் கரண்டியுமாக நிற்பவரிடம் கத்துவது கோழைத்தனம். உணவு டெலிவரிக்கு வருகிறவர் விஷயமும் இதுதான். அவர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2023இல் நல வாரியம் அமைந்திருக்கிறது. ஆனாலும் நாம் கோபத்தில் தட்டிவிடும் ஒற்றை ஸ்டார், ஓட்டலில் ஆன தாமதத்துக்கும் அவரைத்தான் பொறுப்பாக்குகிறது.

இதில் கஷ்டமானது நண்பர் கூட்டத்துக்கு நடுவில் நிற்கும்போதுதான். ஒருவன் சர்வரைக் கிண்டல் செய்கிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சேர்ந்து சிரிக்காமல் இருப்பதே முதல் படி. "விடுடா, அவர் என்ன பண்ணுவார்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அந்த மேஜையில் இன்னும் ஒருவராவது அதைச் சொல்லத்தான் தயங்கிக்கொண்டிருப்பார்.

ஆடித் தள்ளுபடிக்குக் கடைக்குப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இல்லையென்றால் மேனேஜரைக் கூப்பிட்டு, "இவங்க உட்கார இடம் எங்கே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தப் பெண் கேட்டால் வேலைக்கே ஆபத்து வரலாம். நீங்கள் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, தயவுசெய்து கேளுங்கள்.