போய்ப் பார்த்தவர் வந்து என்ன செய்தார்?

கேள்வி: ஐயா, கன்டெய்னர் துறைமுகங்களைப் பார்த்துப் படிக்க அதிகாரிகள் சிங்கப்பூர், பெல்ஜியம் என்று போய் வருகிறார்களாம். மாந்தோப்பும் நாலு ஆடும் வைத்திருக்கும் எங்களுக்கு அதனால் என்ன பயன்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: நியாயமான கேள்வி. உங்கள் பெங்களூரா மாம்பழம் கூழாகி, பீப்பாயில் அடைபட்டு, கன்டெய்னரில்தான் கப்பல் ஏறுகிறது. நீங்கள் விற்ற ஆட்டின் தோலும் ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகளில் பதமாகி, செருப்பாகவோ கையுறையாகவோ அதே வழியில் போகிறது. பெட்டி துறைமுக வாசலில் காத்துக் கிடந்தால் லாரி வாடகை ஏறும், கப்பலும் தவறலாம். ஆர்டர் கெடு தாண்டினால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். அவர் அதைக் கடைசியில் காய் விலையிலும் தோல் விலையிலும்தான் கழிக்கப் பார்ப்பார்.

நாட்டிலேயே முதன்முதலாகக் கன்டெய்னருக்கென்று தனி முனையம் அமைந்தது சென்னைத் துறைமுகத்தில்தான், 1983இல். ஆனாலும் எண்ணூர் விரைவுச் சாலையில் மைல் கணக்கில் லாரிகள் நின்றதைப் பல ஆண்டுகள் பார்த்தோம். கிரேன் மட்டும் இருந்தால் போதாது. சாலை, வாசல், காகித வேலை மூன்றும் சேர்ந்து ஓட வேண்டும்.

வெளிநாட்டில் கற்க வேண்டியது இதைத்தான். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் துறைமுக அலுவலர்களுக்கென்றே 1977 முதல் பயிற்சி மையம் நடக்கிறது. நம் நாட்டவரும் அங்கே படித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1989இலேயே ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிகளை ஒரே கணினி விண்ணப்பத்தில் கேட்கும் முறை வந்தது. நாள்கணக்கில் நடந்த வேலை நிமிடக் கணக்கானது. நம் சுங்கத்துறையில் ஒற்றைச் சாளர முறை, அதுவும் முதலில் இறக்குமதிக்கு, 2016 ஏப்ரலில்தான் வந்தது. இடையில் 27 ஆண்டுகள்!

அட்மா திட்டத்தில் உங்களைக் கண்டுணர்வுச் சுற்றுலா அழைத்துப் போகிறோமே, அதே கணக்குதான் இதுவும். ஒரு முறை நாற்பது பேரைச் சொட்டுநீர்ப் பாசனம் காட்டக் கூட்டிப் போனேன். ஊர் திரும்பிக் குழாய் போட்டவர் மூன்றே பேர். மற்றவர்களைக் குறை சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு வீட்டுக்கு வீடு போய், என்ன தடை என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பயணம் முடிந்ததும் வேலையும் முடிந்தது என்று நினைத்தது என் தவறு.

ஆகவே 'ஏன் போனார்கள்' என்பதோடு நிற்காதீர்கள். 'வந்து எதை மாற்றினார்கள்? லாரி காத்திருக்கும் நேரம் எத்தனை மணி குறைந்தது?' என்று கேளுங்கள். பயண அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி, 10 ரூபாய் கட்டணத்துடன், அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தனி ஆளாகக் கேட்பதைவிட உங்கள் உழவர் உற்பத்தியாளர் குழு வழியாக ஏற்றுமதியாளரையும் சேர்த்துக்கொண்டு பேசினால் குரலுக்கு வலு கூடும்.

நம் பக்கத்து வேலையும் ஒன்று உண்டு. மருந்து தெளித்தால் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கழிந்த பிறகே காய் பறியுங்கள். மருந்து எச்சம் மிஞ்சிய சரக்கு திரும்பி வந்தால், எந்தத் துறைமுகமும் நம்மைக் காப்பாற்றாது.