‘மைக்ரோபீட்ஸ் இல்லை’ன்னா பிளாஸ்டிக்கே இல்லைன்னு அர்த்தமா? பாடிவாஷும் ஐரோப்பாவின் 2027 கெடுவும்

பாத்ரூமில் இருக்கும் பாடிவாஷ் பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு நீளமான பட்டியல் இருக்கும். அதில் ‘ஸ்டைரீன்/அக்ரிலேட்ஸ் கோபாலிமர்’ என்று இருந்தால், அது ஒரு செயற்கை பாலிமர். அதற்கு அழுக்கை எடுக்கும் வேலை கிடையாது, நுரையும் தராது. தண்ணி மாதிரி இருக்கும் திரவத்தைப் பால் போல வெள்ளையாக, ‘ரிச்’சாகக் காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. குளித்து முடித்ததும் நேராகச் சாக்கடைக்குப் போய்விடும்.

இந்த மாதிரி பொருட்களுக்குத்தான் ஐரோப்பிய ஒன்றியம் கெடு வைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட விதி, அக்டோபர் 17 அன்று அமலுக்கு வந்தது. ஸ்க்ரப்பில் இருக்கும் பிளாஸ்டிக் மணிகளுக்கு, அதாவது மைக்ரோபீட்ஸுக்கு, அன்றே தடை. ஷாம்பு, பாடிவாஷ், ஃபேஸ்வாஷ் என்று கழுவிவிடும் பொருட்களுக்கு 2027 அக்டோபர் வரை அவகாசம். பூசி அப்படியே விட்டுவிடும் கிரீம், லோஷனுக்கு 2029. மேக்கப், லிப்ஸ்டிக், நெயில் பாலிஷுக்கு 2035!

அப்போ ‘பாலிமர்’ என்று பெயர் இருந்தாலே தடையா? இல்லை. குழப்பம் ஆரம்பிக்கும் இடமே இதுதான். விதி பெயரைப் பார்ப்பதில்லை, வடிவத்தைப் பார்க்கிறது. திடத் துகளாக இருக்க வேண்டும், 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், தண்ணீரில் கரையக் கூடாது, மக்கக் கூடாது. இத்தனையும் பொருந்தினால்தான் அது மைக்ரோபிளாஸ்டிக்.

காம்பேக்ட் பவுடரில் வரும் நைலான்-12 நுண்ணிய திடத் துகள். முகத்தில் வழுக்கிக்கொண்டு பரவுவதற்காகச் சேர்க்கிறார்கள். அது வலைக்குள் வந்துவிடுகிறது. ஹேர் சீரமில் வரும் டைமெதிகோன் திரவம் என்பதால் தப்பித்துவிடுகிறது. ‘அக்ரிலேட்ஸ் கோபாலிமர்’ இன்னும் மோசம். ஒரே பெயரில் கரைந்த நிலையிலும் இருக்கலாம், துகளாகவும் இருக்கலாம். லேபிளை வைத்துக் கண்டுபிடிக்க நம்மால் முடியாது. விதிவிலக்கு வேண்டுமென்றால், கரையும் அல்லது மக்கும் என்பதை கம்பெனிதான் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும்.

‘இது தோலுக்குக் கெடுதலா?’ என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி. இவை பெரிய மூலக்கூறுகள், தோலைத் துளைத்து உள்ளே போவது கடினம். விதி வந்த காரணமும் அது இல்லை. தண்ணீரில் கலந்த பிறகு இவற்றைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. சுத்திகரிப்பு நிலையம் இருந்தாலும், அங்கே பிடிபடுவது கசடில் தங்கும். ஐரோப்பாவில் அந்தக் கசடில் கணிசமான பங்கு வயலுக்கு உரமாகப் போகிறது. சுத்திகரிப்பு சரியாக நடக்காத ஊர்களில் ஆறும் கடலும்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ரசாயன முகமையின் மதிப்பீட்டில், வேண்டுமென்றே சேர்க்கப்படும் மைக்ரோபிளாஸ்டிக் ஆண்டுக்குச் சுமார் 42,000 டன் சூழலில் கலக்கிறது. அதில் மிகப் பெரிய தனி மூலம் அழகுசாதனம் அல்ல, செயற்கைப் புல் மைதானங்களில் தூவும் ரப்பர் துகள். அதற்காக பாடிவாஷை விட்டுவிடலாமா? வெறும் வெள்ளை நிறத்துக்காகச் சேர்க்கும் பொருளை எடுப்பதுதானே எல்லாவற்றிலும் சுலபம்?

மேக்கப்புக்கு 12 வருடம் கொடுத்தது ரொம்பத் தாராளம். மாற்று ஃபார்முலா கண்டுபிடிக்க நேரம் வேண்டும் என்பது தொழில்துறையின் வாதம். ஆனால் ராத்திரி முகம் கழுவும்போது ஃபவுண்டேஷனும் அதே சாக்கடைக்குத்தான் போகிறது. இதில் ஒரு பிடி மட்டும் உண்டு: 2031 அக்டோபர் முதல், இன்னமும் துகள் சேர்க்கும் மேக்கப் பொருட்களில் ‘இதில் மைக்ரோபிளாஸ்டிக் உள்ளது’ என்று அச்சடித்தே ஆக வேண்டும். அப்படி ஒரு வரியைத் தாங்கிய லிப்ஸ்டிக்கை எந்த பிராண்டும் கடையில் வைக்க விரும்பாது. அந்த பயமே 2035-க்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம்.

மற்ற நாடுகள்? அமெரிக்கா 2015-லேயே சட்டம் போட்டது. ஆனால் அது கழுவிவிடும் பொருட்களில் தேய்க்கவும் சுத்தம் செய்யவும் சேர்க்கும் பிளாஸ்டிக் மணிகளை மட்டும்தான் தொட்டது. இந்தியாவிலும் பி.ஐ.எஸ். 2017-ல் மைக்ரோபீட்ஸைப் பாதுகாப்பற்றது என்று வகைப்படுத்தியது. அதன் கவனமும் மணிகள் மீதுதான். அதனால்தான் ‘மைக்ரோபீட்ஸ் ஃப்ரீ’ என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டுவிட்டு, பின்பக்கப் பட்டியலில் ஸ்டைரீன்/அக்ரிலேட்ஸை வைக்க முடிகிறது. இரண்டும் பொய் இல்லை, ஆனால் வாங்குபவர் புரிந்துகொள்வது வேறு.

போனில் செக் பண்ண நினைப்பவர்களுக்கு, நெதர்லாந்தின் பிளாஸ்டிக் சூப் ஃபவுண்டேஷன் 2012 முதல் ‘பீட் தி மைக்ரோபீட்’ என்ற ஆப்பை நடத்துகிறது. அவர்களின் அளவுகோல் விதியைவிடக் கறார்; திரவ பாலிமர்களையும் அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். அதனால் ஆப்பில் சிக்கும் ஒரு சீரம் ஐரோப்பியக் கடையில் சட்டப்படியே விற்கலாம்.

ஐரோப்பிய விதி ஐரோப்பியச் சந்தைக்கு மட்டும்தான். ஒரே பிராண்ட், பாரிஸுக்கு ஒரு ஃபார்முலா, நமக்கு பழைய ஃபார்முலா என்று விற்பதை அது தடுக்காது. 2027 அக்டோபருக்குப் பிறகு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.